கிராபிக்ஸ் கார்டு ஓவர்கிளாக்: எந்த எண்ணில் நிறுத்துவது?

கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்ய, அதாவது கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கூடுதலாக ஓடவைக்க, ஒரு நிமிடம் போதும். மென்பொருளைத் திறந்து ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளி, டிக் குறியை அழுத்தினால் முடிந்தது. தள்ளிய இடத்தில் கார்டு நிற்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு வாரம் ஆகும். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாரத்தைப் பற்றியது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்த கார்டுக்கு எவ்வளவு போடலாம்?" என்றுதான். அதற்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த பெட்டிகளில் வந்த இரண்டு கார்டுகளில் ஒன்று 200 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாகத் தாங்கும். இன்னொன்று 100-லேயே திணறும். சிப் தயாராகும்போது ஏற்படும் மிக நுண்ணிய வேறுபாடுகளே காரணம். இந்தத் துறையில் இதை 'சிலிக்கான் லாட்டரி' என்பார்கள். அடுத்தவர் கார்டில் ஓடிய எண் உங்களுக்கு ஒரு குறிப்புதான். உங்கள் கார்டின் எண்ணை நீங்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக என்னிடம் உள்ள என்விடியா ஆர்டிஎக்ஸ் 4070-ஐ வைத்துச் சொல்கிறேன். 2023 ஏப்ரலில் வெளிவந்த கார்டு, 200 வாட், 12 ஜிபி ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி. (பின்னாளில் இதே பெயரில் ஜிடிடிஆர்6 மெமரியோடும் ஒரு வகை வந்தது. வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.) வேறு கார்டு வைத்திருப்பவர்களுக்கு எண்கள் மாறும், முறை மாறாது.

மெகாஹெர்ட்ஸைக் கூட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது

பள்ளியில் 'சொல்வதை எழுதுதல்' நடந்த வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்வார். பிள்ளைகள் எழுதி முடிப்பார்கள். அடுத்த சொல் வரும். ஆசிரியர் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தாலும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். இன்னும் குறைத்தால், கை வேகமான பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. மெதுவாக எழுதும் பிள்ளையின் நோட்டில் பாதிச் சொல்தான் இருக்கும்.

சிப்புக்குள்ளும் இதுதான் நடக்கிறது. சிப்பின் வேலைகளுக்குத் தாளம் போடும் கிளாக் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஒரு சிக்னல் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு, வழியிலுள்ள டிரான்சிஸ்டர்களைக் கடந்து, அடுத்த துடிப்புக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். 4070 விளையாட்டுகளில் சாதாரணமாக 2750 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும். அந்த வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பது சுமார் 0.36 நானோ விநாடி. அந்த நேரத்தில் ஒளியே 11 சென்டிமீட்டர்தான் போகும். நாம் 150 மெகாஹெர்ட்ஸ் கூட்டும்போது, அந்தச் சின்ன இடைவெளியிலிருந்தும் 19 பிக்கோ விநாடியைப் பிடுங்கிக்கொள்கிறோம்.

சிக்னல் வந்து சேருமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், பழைய மதிப்பே பதிவாகிவிடும். அந்தத் தவறு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். ஒரு புள்ளியின் நிறத்தில் விழுந்தால் உங்கள் கண்ணுக்கே தெரியாது. ஒரு வடிவத்தின் மூலையில் விழுந்தால் திரை முழுக்க ஒரு முக்கோணம் இழுபட்டு நிற்கும். கார்டு அடுத்துச் செய்ய வேண்டிய கட்டளையிலேயே விழுந்துவிட்டால் எல்லாம் நின்றுபோகும்.

4070-இல் இருக்கும் சிப்பில் 3,580 கோடி டிரான்சிஸ்டர்கள். அவற்றின் ஊடே போகும் பாதைகளில் மிக மெதுவான பாதைதான் உங்கள் எல்லையைத் தீர்மானிக்கிறது. ஒரு விளையாட்டு அந்தப் பாதையைத் தொடாமலே ஓடலாம். ரே டிரேசிங் (ஒளிக்கதிர்கள் போகும் வழியைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) பயன்படுத்தும் இன்னொரு விளையாட்டு முதல் நிமிடத்திலேயே தொடலாம். 'ஒரு டெஸ்ட் ஓடிவிட்டது, ஆகவே ஸ்டேபிள் (விழாமல் நிற்கும்)' என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

ஸ்லைடர் உண்மையில் எதை நகர்த்துகிறது

பழைய கார்டுகளில் ஒரே ஒரு வேகம் இருந்தது, அதைக் கூட்டினோம். 2012-ல் ஜிடிஎக்ஸ் 680 வந்தபோது என்விடியா 'ஜிபியு பூஸ்ட்' கொண்டுவந்தது. அதற்குப் பிறகு சூடு, மின்சாரம், வோல்டேஜ் மூன்றையும் பார்த்து, எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பதை நொடிக்கு நொடி கார்டே முடிவு செய்கிறது. 4070-இன் பெட்டியில் பூஸ்ட் 2475 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தும், ஓடும்போது 2700-க்கு மேல் காட்டுவது இதனால்தான்.

கார்டுக்குள் ஒரு வளைகோடு இருக்கிறது: இந்த வோல்டேஜ் கொடுத்தால் இந்த வேகம் என்று புள்ளி புள்ளியாக. நீங்கள் கோர் கிளாக் (சிப்பின் வேகம்) ஸ்லைடரில் +100 என்று வைக்கும்போது அந்த வளைகோடு முழுவதும் 100 மேலே ஏறுகிறது. வோல்டேஜ் கூடுவதில்லை. முன்பு ஒரு வோல்டேஜில் 2700 ஓடிய கார்டு, அதே வோல்டேஜில் இப்போது 2800 ஓட வேண்டும். அவ்வளவுதான் ஓவர்கிளாக்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளாயிற்று. புரியாததால் பட்ட பாட்டையும் சொல்கிறேன். முதன்முதலில் நான் வைத்த எண் பென்ச்மார்க்கில் (கார்டை ஓட்டிப் பார்த்து மதிப்பெண் தரும் மென்பொருளில்) ஒரு மணி நேரம் அசையாமல் ஓடியது. கார்டு தயார் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஒரு விளையாட்டைத் திறந்ததும், ஆட்டமே தொடங்காத மெனு பக்கத்தில் திரை கறுத்தது. மூன்று நாள் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மீது சந்தேகப்பட்டு, ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டினேன். கோளாறு அங்கே இல்லை. பென்ச்மார்க் ஓடும்போது கார்டு சூடாக இருக்கும், பவர் லிமிட்டும் (கார்டு இழுக்கக்கூடிய மின்சாரத்தின் உச்சவரம்பு) தடுக்கும். அதனால் வளைகோட்டின் உச்சியிலிருந்து சில படிகள் இறங்கித்தான் ஓடும். காலையில் குளிர்ந்த கார்டு, வேலையே இல்லாத மெனு: தடுக்க ஒன்றுமில்லாததால் நேரே உச்சிக்கு ஏறியது. அந்த உச்சிப் புள்ளியை என் ஒரு மணி நேர டெஸ்ட் ஒருமுறைகூடத் தொட்டிருக்கவில்லை.

ஆகவே நீங்கள் ஒரே ஒரு வேகத்தைச் சோதிப்பதாக நினைக்காதீர்கள். வளைகோட்டின் அத்தனை புள்ளிகளையும் ஒரே நேரத்தில் உயர்த்தியிருக்கிறீர்கள். அத்தனையும் நிற்க வேண்டும்.

தொடங்கும் முன்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் இலவச மென்பொருள். எந்தக் கம்பெனி கார்டுக்கும் ஓடும். எம்எஸ்ஐ தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். அதே பெயரில் வைரஸ் வைத்த போலித் தளங்கள் உண்டு. 2021-ல் எம்எஸ்ஐ நிறுவனமே இதுபற்றி எச்சரித்தது. கூடவே ஜிபியு-இசட், எச்டபிள்யூஇன்ஃபோ இரண்டும் வேண்டும். முதலாவது, கார்டின் வேகத்தை இப்போது எது தடுக்கிறது என்று காட்டும்: பவரா, வோல்டேஜா, சூடா. இரண்டாவது, ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) சூட்டையும் மெமரியின் சூட்டையும் காட்டும். ரேடியான் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளிலேயே டியூனிங் பக்கம் இருக்கிறது.

கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து தூசியைத் தட்டுங்கள். கார்டுக்குப் போகும் பவர் ஒயர் கடைசி வரை உள்ளே அழுந்தியிருக்கிறதா பாருங்கள். இரண்டு பவர் சாக்கெட் உள்ள கார்டென்றால், ஒரே ஒயரின் இரண்டு முனைகளை மாட்டாமல் இரண்டு தனித்தனி ஒயர்களை மாட்டுவது நல்லது.

பிறகு எதையும் மாற்றாமல், கார்டு வந்தபடியே ஒரு பென்ச்மார்க்கை மூன்று முறை ஓட்டுங்கள். 3டிமார்க்கின் டைம் ஸ்பையோ, யூனிஜினின் சூப்பர்பொசிஷனோ, எதுவானாலும் சரி. ஸ்கோர், சராசரி வேகம், உச்ச சூடு, வாட், அன்றைக்கு அறையின் வெப்பம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மூன்று ஓட்டத்துக்கும் இடையிலேயே ஸ்கோர் கொஞ்சம் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரியாவிட்டால், பிறகு வரும் முன்னேற்றம் உண்மையா தற்செயலா என்று உங்களால் சொல்லவே முடியாது. பலரும் தாண்டிப்போகும் படி இது. தயவுசெய்து தாண்டாதீர்கள்.

அடுத்து பவர் லிமிட் ஸ்லைடரை அது போகும் கடைசி வரை தள்ளுங்கள். கார்டு தயாரித்தவர்களே அனுமதித்த வரம்பு அது. சில மாடல்களில் 100-க்கு மேல் நகரவே நகராது. ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வையுங்கள். வோல்டேஜ் ஸ்லைடரைத் தொட வேண்டாம். அதில் கிடைப்பது சொற்பம், சேரும் சூடு அதிகம்.

கார்டு கெட்டுப்போகுமா என்ற பயம் இயல்பானது. வோல்டேஜைத் தொடாதவரை, சூட்டுக்கும் மின்சாரத்துக்கும் கார்டுக்குள்ளேயே காவல் இருக்கிறது. எல்லை மீறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் அதிகம் அஞ்சுவது திறந்து வைத்திருக்கும் கோப்புகளுக்குத்தான். கிராஷ் ஆகும் என்று தெரிந்தே ஓட்டுகிறோம். எல்லாவற்றையும் சேமித்து மூடிவிட்டுத் தொடங்குங்கள். ஓவர்கிளாக் பற்றி உங்கள் கம்பெனியின் வாரண்டி என்ன சொல்கிறது என்பதையும் படித்துவிடுங்கள்.

முதலில் கோர்

மெமரியைத் தொடாமல் கோரை மட்டும் ஏற்றுங்கள். இரண்டையும் சேர்த்து ஏற்றினால், விழும்போது எது விழுந்தது என்று தெரியாது.

+60-இல் தொடங்கலாம். பென்ச்மார்க் ஒருமுறை ஓட்டுங்கள். ஐந்து பத்து நிமிடம் போதும். நின்றால் +30 கூட்டுங்கள். இந்தத் தலைமுறை என்விடியா கார்டுகள் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளில்தான் ஏறி இறங்கும்; அதனால் 7, 8 என்று நுணுக்கிப் பார்ப்பதில் பயன் இல்லை. விழும் வரை ஏறிக்கொண்டே போங்கள்.

விழுவது எப்படி இருக்கும்? சில நேரம் படத்தில் தெரியும்: ஏதாவது ஒரு பரப்பு மின்னி மறையும், கூர்மையான முக்கோணங்கள் திரையைக் கிழித்துக்கொண்டு போகும். இவற்றை ஆர்ட்டிஃபேக்ட் என்பார்கள். பெரும்பாலும் கோர் அந்த அளவுக்கு முன்னறிவிப்புத் தராது. படம் உறையும், திரை கறுக்கும், இரண்டொரு நொடியில் டெஸ்க்டாப்புக்குத் திரும்பும். கார்டு 2 விநாடிக்கு மேல் பதில் சொல்லாவிட்டால் அதன் டிரைவரை (விண்டோஸையும் கார்டையும் இணைக்கும் மென்பொருள்) மறுபடி கிளப்பும் ஏற்பாடு விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு, டிஸ்பிளே டிரைவர் நின்று மீண்டது என்று ஒரு பதிவு இருக்கும். இரவில் நடந்ததைக் காலையில் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. டிரைவர் விழுந்து எழுந்ததும், நீங்கள் வைத்த எண்கள் அழிந்து கார்டு பழைய வேகத்துக்கே திரும்பியிருக்கலாம். அல்லது குறைந்த வேகத்திலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம். அதைக் கவனிக்காமல் மறுபடி டெஸ்ட் ஓட்டினால் அழகாக ஓடும். நீங்களும் நின்றுவிட்டது என்று நம்பிவிடுவீர்கள். ஒவ்வொரு கிராஷுக்குப் பிறகும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் அடுத்த ஓட்டம்.

விழுந்த எண்ணிலிருந்து 15 இறங்கி ஓட்டுங்கள். அதிலும் விழுந்தால் இன்னொரு 15. நின்றதும் அந்த எண்ணை எழுதிக்கொண்டு, கோரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். என் கார்டு +195-இல் விழுந்தது. +180-இல் அன்றைக்கு நின்றது. 'அன்றைக்கு' என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

மெமரியில் இருக்கும் ஏமாற்று

கோரைவிட மெமரியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். காரணம், மெமரி அவ்வளவு எளிதில் விழாது.

4070-இன் மெமரி ஒவ்வொரு பிட் பாதையிலும் விநாடிக்கு 21 ஜிகாபிட் வேகம். 192 பிட் அகலம். விநாடிக்கு 504 ஜிகாபைட் கொண்டுபோகும். ஆஃப்டர்பர்னரில் இது 10500 என்று தெரியும், அதாவது பாதி எண். அங்கே +500 வைத்தால் உண்மையில் 1 ஜிகாபிட் கூடி 22 ஆகும். 504 என்பது 528 ஆகும். +500, +800, +1000 என்று தள்ளிக்கொண்டே போனாலும் திரையில் ஒரு புள்ளிகூடப் பிசகாது. எல்லை இன்னும் வரவில்லை என்றுதான் தோன்றும்.

மறுபடி அந்த வகுப்புக்கு வாருங்கள். இந்த முறை பிள்ளைகளுக்கு ஒரு சலுகை: சொல் சரியாகக் கேட்காவிட்டால் கையைத் தூக்கி, "சார், திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கலாம். ஆசிரியர் வேகத்தைக் கூட்டுகிறார். நோட்டுகளில் பிழையே இல்லை. ஆனால் கைகள் தூக்கப்படுவது கூடிக்கொண்டே போகிறது. ஒரு கட்டத்துக்கு மேல், வேகமாகச் சொல்வதில் மிச்சமான நேரத்தைவிடத் திரும்பச் சொல்வதில் போகும் நேரம் அதிகம். பீரியட் முடியும்போது, முன்னைவிடக் குறைவான சொற்களே எழுதப்பட்டிருக்கும்.

ஜிடிடிஆர்6எக்ஸ் கார்டுகளில் நடப்பது இதேதான். மெமரியிலிருந்து வரும் தகவல் வழியில் பிழையானதா என்று சரிபார்த்து, பிழையென்றால் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அவற்றில் இருக்கிறது. இதன் வேர் பழையது. 2009-ல் வந்த ரேடியான் எச்டி 5870-இன் ஜிடிடிஆர்5 மெமரியிலேயே பிழை கண்டறியும் வசதி இருந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லையைத் தாண்டியதும் படம் கெடும், கெட்டால் பின்வாங்கலாம் என்ற பழைய வழி இதனால் அடைபட்டுவிட்டது. எல்லையைத் தாண்டிவிட்டோம் என்பதை ஸ்கோர் மட்டுமே சொல்லும்.

எனவே மெமரியை 100, 100 ஆக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஸ்கோரை எழுதுங்கள். ஒரு படிக்கு ஒரு ஓட்டம் போதாது, இரண்டாவது ஓட்டியாக வேண்டும். முதலில் ஸ்கோர் ஒழுங்காக ஏறும். பிறகு ஏறுவது குறையும், தட்டையாகும், அப்புறம் இறங்கும். என் நோட்டில் +1000 வரை ஏறுமுகம், +1100-இல் அசைவில்லை, +1300-இல் +900-ஐவிடக் குறைவு. +1300-இலும் விளையாட்டு ஓடியது, திரையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அது +900-ஐவிட மெதுவான, அதிகம் சூடாகும் அமைப்பு. தட்டையாகும் இடத்துக்கு முன்னால், ஏறுமுகம் தெளிவாக இருக்கும் ஓர் எண்ணில் நிறுத்துங்கள்.

மெமரியின் சூட்டையும் பாருங்கள். ஜிடிடிஆர்6எக்ஸ் 110 டிகிரியை நெருங்கினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைக்கும். 90-க்குள் இருந்தால் நிம்மதி. எல்லையை மிகவும் தாண்டினால் மெமரியும் படத்தில் தெரியும்: வண்ணப் புள்ளிகள், கட்டம் கட்டமாகச் சிதறல். அங்கே வரை போகத் தேவையே இல்லை.

இரண்டையும் சேர்த்து, நாள்கணக்கில்

இப்போது கோர், மெமரி இரண்டையும் அதனதன் எண்ணில் வையுங்கள். சேர்ந்ததும் விழுந்தால் வியப்படையாதீர்கள். இரண்டும் ஒரே பவர் லிமிட்டைப் பங்கு போட்டுக்கொள்கின்றன; ஒன்றின் சூடு மற்றதைத் தாக்கும். கோரை 15 இறக்கிப் பாருங்கள்.

3டிமார்க்கில் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒரே காட்சியை 20 முறை ஓட்டி, வேகம் 97 சதவீதத்துக்குக் குறையாமல் நின்றால் தேர்ச்சி என்று சொல்லும். டைம் ஸ்பையில் ஒன்று, ரே டிரேசிங் உள்ள போர்ட் ராயல் அல்லது ஸ்பீட் வேயில் ஒன்று என இரண்டும் ஓட்டுங்கள். டைம் ஸ்பையில் தேறிய எண் போர்ட் ராயலில் விழுவது சகஜம்.

ஃபர்மார்க் பற்றிக் கேட்பீர்கள். மெதுவடைக்கு முடி முளைத்தது போல் ஒரு வளையம் சுழலுமே, அது. அது கார்டைக் கசக்கிப் பிழியும் என்பது உண்மை. பிழிவதால்தான் இந்த வேலைக்கு உதவாது. மின்சாரத்தை அவ்வளவு இழுப்பதால் கார்டு பவர் லிமிட்டில் முட்டி, வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். நீங்கள் சோதிக்க வேண்டிய உயர் வேகங்களின் பக்கமே போகாது. கூலரையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் பார்க்க வேண்டுமானால் சில நிமிடம் ஓட்டலாம்.

பென்ச்மார்க் தேறியபின் உங்கள் அன்றாட வேலைகள்தான் உண்மையான தேர்வு. கனமான விளையாட்டு ஒன்று, எளிய பழைய விளையாட்டு ஒன்று, யூடியூப், கம்ப்யூட்டரைத் தூங்கவைத்து எழுப்புதல், காலையில் குளிர்ந்த கார்டோடு நேரே விளையாட்டைத் திறத்தல். ஒரு வாரம் இப்படி ஓடட்டும். அந்த வாரத்தில், விண்டோஸ் தொடங்கும்போதே எண்களைப் போடும் பட்டனை ஆஃப்டர்பர்னரில் அழுத்தாதீர்கள். எண் தவறாக இருந்தால் டெஸ்க்டாப் வந்ததும் விழும், ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி அதே எண், மறுபடி விழும். அந்தச் சுழலிலிருந்து வெளியே வர சேஃப் மோடில் போய் அதை எடுத்தெறிய வேண்டியிருக்கும்.

எல்லாம் தேறினாலும், கடைசியாகக் கோரில் 30 முதல் 45 வரை இறக்கிவிடுங்கள். மனம் வராது. இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த எண்ணை ஏன் விடுவது என்று தோன்றும். ஆனால் +180 நின்றது என்று சொன்னேனே, அது டிசம்பர் மாதத்து இரவு. அறை 26 டிகிரி. சூடு கூடும்போது, பொதுவாகச் சிக்னல்களுக்குப் போய்ச்சேர இன்னும் கொஞ்சம் நேரம் தேவைப்படும். ஏப்ரல் கடைசியில், மின்விசிறி மட்டும் ஓடும் அறை 36 டிகிரியைத் தொட்டபோது, அதே +180 அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. கார்டு பழுதாகவில்லை. நான் கண்டுபிடித்திருந்தது டிசம்பரின் எண். நம் ஊரில் ஏசி இல்லாத அறையில் விளையாடுகிறவர்கள், சோதனையைக் கோடையில் நண்பகலில் ஒருமுறையும் அதிகாலையில் ஒருமுறையும் செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் கிடைப்பது எவ்வளவு? 2750-லிருந்து 2900 என்றால் ஐந்தரை சதவீதம். விநாடிக்கு 60 பிரேம் (படம்) ஓடியது 62, 63 ஆகலாம். இதை மறைத்துச் சொல்வது நேர்மையல்ல. ஓடாத விளையாட்டை ஓவர்கிளாக் ஓடவைக்காது.

வீடியோ ரெண்டரிங், பிளெண்டர், ஏஐ பயிற்சி என்று இதே கார்டில் பிழைப்பு நடத்துகிறவர்கள் அந்த வேலையின்போது பழைய வேகத்துக்கே திரும்பிவிடுங்கள். விளையாட்டில் தவறான ஒரு புள்ளி அடுத்த பிரேமில் மறைந்துவிடும். கணக்கில் விழுந்த தவறு யாருக்கும் தெரியாமல் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். லேப்டாப்காரர்களுக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே தடையே சூடுதான், ஓவர்கிளாக் அதைக் கூட்டத்தான் செய்யும்.

அதே வளைகோட்டை வேறு பக்கம் திருப்பினால்

வளைகோட்டை மேலே தூக்கும்போது, அதே வோல்டேஜில் கூடுதல் வேகம் என்று பார்த்தோம். அதையே மாற்றிப் படித்தால், அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ். இதுதான் அண்டர்வோல்ட். சிப் தின்னும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு (அதை அதனாலேயே பெருக்கினால் வருவது) ஏற்ப மாறும். வேகத்தை மாற்றாமல் 1.05 வோல்ட்டை 0.95 ஆக்கினால், வோல்டேஜ் 10 சதவீதம்கூடக் குறையவில்லை. சிப் ஓடுவதற்கான மின்சாரமோ சுமார் 18 சதவீதம் குறைந்துவிடும்.

ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வளைகோடு திரையில் வரும். 950 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 2600-க்கு ஏற்றி, அதற்கு வலப்பக்கம் உள்ள புள்ளிகள் எதுவும் அதைத் தாண்டாதபடி தட்டையாக்கினால், கார்டு அந்த வோல்டேஜுக்கு மேல் போகாது. அந்த 2600 உங்கள் கார்டில் நிற்குமா என்பதற்கு மேலே சொன்ன அதே டெஸ்டுகள், அதே ஒரு வாரம். என்னைக் கேட்டால், வெயில் ஊரில் இருப்பவர்களுக்கு ஓவர்கிளாக்கைவிட இதுதான் அதிகம் பயன். வேகத்தில் சில சதவீதம் போகும். ஃபேன் சத்தமும் அறையில் இறங்கும் சூடும் உடனே குறைவது தெரியும்.

ஆஃப்டர்பர்னரில் அமைப்புகளைச் சேமிக்க ஐந்து பட்டன்கள் உண்டு. என்னுடையதில் முதலாவதில் கோர் +135, மெமரி +900. இரண்டாவதில் 950 மில்லிவோல்ட், 2600, மெமரி +500. ஐப்பசி மழை தொடங்கினால் முதல் பட்டன். பங்குனி பாதியில் இரண்டாவதுக்கு மாறிவிடுவேன். புதிய டிரைவர் போட்ட அன்று மட்டும், எந்த மாதமானாலும், ஸ்ட்ரெஸ் டெஸ்டின் 20 ஓட்டங்களையும் ஒருமுறை ஓட்டிவிட்டு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறேன்.